முப்பத்தேழு காசு

அத்தியாயம் 9

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றபோது மணி இரண்டு நாற்பது. நான்கு மணிக்கு ஒரு பெண் தன் கையெழுத்தாலேயே தன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளப் போகிறாள். அதற்குள் என் முதலாளி எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

என் முதலாளியைத் தெரிந்தவர்கள் எல்லாம் தராசு என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கி, தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்தவர்களை எல்லாம் கையும் களவுமாகப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை மனிதர்களிடம் செய்கிறார். நான் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சம்பளம் வாங்கி ஏச்சுக் கேட்டவள். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. சம்பளச் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

எங்களை அமர்த்தியவர் ஒரு பல் டாக்டர். கையெழுத்துப் போடப் போகிறவள் அவருடைய தங்கை. காலையில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

இது பங்கு வாங்கி விற்கும் நிறுவனம். இங்கே இருப்பவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது ஒரே ஒரு விலைத் திரையை. பழைய திரைக்கு வயதாகிவிட்டது, புதிதாகக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டுவதற்கு முதலில் ஒரு ஆயத்தச் சட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம், அதைத்தான் ஃப்ரேம்வொர்க் என்கிறார்கள். வீட்டுக்குத் தூண் போல. குடிபோன பிறகு தூணை மாற்ற முடியாது. போட்டியில் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, கனமானது, உலகமே பயன்படுத்துவது. அலுவலகத்தில் அதற்கு யானை என்று பெயர். மற்றது புதியது, சின்னது. அதற்குக் குருவி என்று பெயர். யானை அணியில் பன்னிரண்டு பேர், தலைவர் பல் டாக்டரின் கணவர். குருவி அணியில் ஒரே ஆள், பல் டாக்டரின் தங்கை. மச்சினிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அந்த அத்தான்தான்.

எந்தத் திரை யாருடையது என்று தெரிந்தால் ஆளுக்கொரு பக்கம் சாய்வார்கள் என்று அந்த நிறுவனத்தின் முதலாளியம்மா திங்கட்கிழமை ஒரு கண்கட்டுப் பரீட்சை வைத்தார். நிறம், எழுத்து, கட்டம் எல்லாம் ஒரே அச்சாக இரண்டு திரைகள். ஒன்றின் கீழே 'இடது' என்று ஸ்டிக்கர், மற்றதன் கீழே 'வலது'. எது யாருடையது என்பது முதலாளியம்மா எழுதி ஒட்டிய உறைக்குள் இருந்தது. கட்டியவர்கள் இருவரும் வெளியே காத்திருக்க, நிறுவனத்தின் மூத்த வியாபாரி நிஜச் சந்தையில் நிஜப் பங்கை வைத்துச் சோதித்தார். பதினொரு மணிக்கு மேல் ஒரு பங்கின் விலை சட்டென்று சரிந்தது. இடதுதிரை மட்டும் இரண்டு மூன்று வினாடி பழைய விலையிலேயே நின்றுவிட்டது. அதை நம்பி விற்றவருக்குப் பெரிய அடி. அவர் அந்தக் கணமே திரையைப் படம் எடுத்துவிட்டார். உறையைப் பிரித்தால் இடது என்பதற்கு நேரே குருவி என்று இருந்தது.

நான்கு மணிக்கு யானையைத் தேர்ந்தெடுக்கும் தீர்மானமும் தங்கையின் ராஜினாமாவும் ஒரே மேசையில் கையெழுத்தாகும். ராஜினாமாவில் 'என் கவனக்குறைவால்' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லோடு வெளியே போனால் இந்தத் தொழிலில் வாசல் கூட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நாங்கள் முதலில் போனது அந்த மூத்த வியாபாரியிடம். விரல் வேகத்துக்காக அவருக்குப் புயல் என்று பெயர். மனிதர் உட்காரவே இல்லை. இரண்டு காதிலும் இரண்டு போன், கண் திரையில், வாய் எங்களிடம். படத்தைக் காட்டச் சொன்னதும் அலுத்துக்கொண்டே காட்டினார். இதோடு நாற்பது பேருக்குக் காட்டியாயிற்றாம். பெரிதாக ஒரு எண், 412.37. கீழே 'இடது' ஸ்டிக்கர், மூலையில் நேரம்.

தராசு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பரீட்சையின்போது ஏன் இடதுபக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

"கண்ணுக்குச் சுகமா இருந்துச்சு சார். வலதுபக்கம் எண்ணு டக்கு டக்குன்னு குதிச்சுது. இடதுல தண்ணி மாதிரி ஓடுச்சு."

"சரி. உங்க தராசுக்குக் குறைஞ்ச படி எவ்வளவு?"

புயல் முதல் தடவையாக ஒரு போனைக் கீழே வைத்தார். அவருக்குப் புரியவில்லை. தராசு பொறுமையாக விளக்கினார். ஐந்து கிராம் ஐந்து கிராமாக ஏறுகிற தராசு ஏழு கிராம் காட்டாது, காட்டினால் தராசில் கோளாறு. அதுபோல இந்தப் பங்கின் விலை எவ்வளவு எவ்வளவாக நகரும் என்று கேட்டார்.

"அஞ்சு காசு. முப்பது, முப்பத்தஞ்சு, நாப்பது. நடுவுல எதுவும் கிடையாது. போட்டாலும் சந்தை வாங்கிக்காது."

"அப்ப உங்க படத்தை நீங்களே படிங்க."

"நானூத்திப் பன்னெண்டு..." என்று ஆரம்பித்த புயல் நின்றுவிட்டார். அடுத்த போனையும் கீழே வைத்தார். "முப்பத்தேழு."

நாற்பது பேர் பார்த்த படம். நாற்பது பேரும் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், நேரத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் எண்ணைப் படிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே யாரும் மறைக்கவே இல்லை, இலையின் நடுவிலேயே இருந்தது. இருபது வருஷம் விலையைத் தின்று வளர்ந்தவருக்குக்கூடத் தெரியவில்லையா என்று நான் கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"கடைசி எண்ணைப் படிக்கிறவன் இங்கே பொழைக்க முடியாது மேடம்," என்றார் புயல். "முன்னாடி இருக்கிறதைப் பார்ப்போம், கை அமுக்கிடும்."

நடைபாதைக்கு வந்ததும், படம் போலியா என்று கேட்டேன். படம் நிஜம், விலைதான் போலி என்றார் தராசு. அது பழைய விலையும் இல்லை, புது விலையும் இல்லை. சந்தையில் பிறக்காமல் திரையிலேயே பிறந்த விலை. எந்தத் திரையில் எண் பிறக்கிறது என்பதுதான் இனி கேள்வி.

தங்கை, பரீட்சை நடந்த சோதனை அறையின் மூலையில், அந்தத் திரைகளுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பையைக் கட்டி முடித்திருந்தாள். ஆனால் கை இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. அடுத்து வருகிறவருக்காகக் குறிப்பு எழுதுகிறாளாம். எந்தக் கோப்பு எங்கே, எதை முதலில் இயக்க வேண்டும், எது அடிக்கடி மக்கர் பண்ணும் என்று பதினாலு பக்கம். வெளியே தள்ளுகிறவர்களுக்குக் கதவைத் திறந்து பிடிக்கிற பெண்ணை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது.

குருவி எப்படி வேலை செய்கிறது என்று தராசு கேட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்தது. யானை ஒரு விலை மாறினாலும் முழு அட்டவணையையும் ஒருமுறை சரிபார்க்குமாம், குருவி மாறிய கட்டத்தை மட்டும் தொடுமாம். நொடிக்கு எண்ணூறு மாற்றம் வந்தாலும் கண்ணுக்கு அத்தனை வேண்டாம், கடைசியாக வந்ததை மட்டும் வரைந்தால் போதும் என்றாள்.

"அதைவிட முக்கியமா ஒண்ணு வெச்சிருக்கேன் சார். அரை வினாடி புது விலை வரலைன்னா கட்டம் சாம்பல் நிறமாயிடும். பழைய விலையைப் புதுசு மாதிரி காட்டக் கூடாது. இந்தத் தொழில்ல அதைவிடப் பெரிய பாவம் கிடையாது."

புயலிடம் வாங்கி வந்திருந்த படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நின்றுபோன எண்ணின் பின்னால் பளிச்சென்று வெள்ளை. சாம்பல் எங்கே என்று கேட்டேன்.

அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. "அன்னிக்கு வேலை செய்யாம போயிருக்கலாம்," என்றாள், மெதுவாக.

பதினோரு வருஷம் புகார் கேட்டவள் சொல்கிறேன். தப்புச் செய்யாதவர்கள் கத்துவார்கள். தப்புச் செய்தவர்கள் இன்னும் சத்தமாகக் கத்துவார்கள். யாரையோ காப்பாற்றுகிறவர்கள் மட்டும்தான் இவ்வளவு மெதுவாகப் பேசுவார்கள்.

தராசு அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எண் குதிக்காமல் ஓடுவது போல உன் திரையில் ஏதாவது வைத்திருந்தாயா என்று.

"அதைப் பத்தி நான் பேசலை சார். நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சுடும்."

மூன்று ஐந்து. யானை அணியின் அறை பெரியது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு தண்ணீர் பாட்டில், சுவரில் வரிசையாக மஞ்சள் காகிதம். யானைக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார். நாற்பத்திரண்டு வயது இருக்கும், நல்ல குரல், தூங்காத கண். மச்சினிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று முதலில் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் பொய் இல்லை என்று எனக்குப் பட்டது.

தராசு ஒன்றும் தெரியாதவர் போல, எதற்காக யானை என்று கேட்டார். அவர் சொன்ன பதிலில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். யானைக்கு ஆள் எங்கே வேண்டுமானாலும் கிடைப்பார்கள். சிக்கல் வந்தால் தீர்வு ஏற்கெனவே யாரோ எழுதி வைத்திருப்பார்கள். குருவி தெரிந்த ஒரே பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் நிறுவனத்துக்கே கண் தெரியாமல் போகும். அதோடு, குருவி ஜெயித்தால் இந்த அறையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் நாளைக்கு வேலை இல்லை.

"எண்ணைக் குதிக்காம ஓட விட முடியுமா?" என்று கேட்டார் தராசு.

"யார் வேணும்னாலும் பண்ணலாம் சார். பழைய எண்ல இருந்து புது எண்ணுக்கு ஒரு நொடிக்குள்ள நடுவுல இருக்கிறதை எல்லாம் காட்டிக்கிட்டே போகும். சும்மா அலங்காரம்."

"உங்க திரைல இருக்கா?"

"இல்லையே. பாருங்க."

திரையைத் திருப்பிக் காட்டினார். எண்கள் குதித்தன. எங்கேயும் ஓட்டம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. இந்தத் திரையில் கடைசியாக எப்போது கை வைத்தீர்கள் என்று தராசு கேட்டதற்கு, திங்கட்கிழமை சாயங்காலம் கொஞ்சம் சுத்தம் செய்தோம் என்றார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கும். இவர் மடியில் கையை வைத்துக்கொண்டேதான் பேசினார்.

வெளியே வந்து, ஆள் இவர்தான், கட்டித் தூக்கிவிடலாம் என்றேன். தராசு தலையை ஆட்டினார். படத்தில் இருப்பது இடதுதிரை. உறைக்குள் இடது என்றால் குருவி. அந்த உறை இருக்கும்வரை முப்பத்தேழு காசும் குருவியின் தலையில்தான் விழும்.

முதலாளியம்மாவிடம் போனோம். அறுபது வயது, நிமிர்ந்த முதுகு, யாரையும் நம்பாததையே பெருமையாக நினைக்கிறவர். அன்று அறையைப் பூட்டி, இரண்டு கணினியின் வயரையும் தன் கையாலேயே சொருகி, அங்கேயே நின்று சீட்டு எழுதி உறையை ஒட்டினாராம். ஸ்டிக்கர் முந்தின நாளே ஒட்டியது. வேறு ஒருவரும் உள்ளே வரவில்லை, பரீட்சை முடிகிறவரை சாவி அவர் இடுப்பில். கணினி இரண்டிலும் இருந்ததை விதிப்படி அன்று சாயங்காலமே அழித்துத் துடைத்துவிட்டார்கள். நான் சோதனை அறைக்குத் திரும்பிப் போய் ஸ்டிக்கர்களை நகத்தால் சோதித்தேன். ஓரத்தில் தூசி அப்படியே படிந்திருந்தது, யாரும் உரித்து மாற்றவில்லை. மேசையைச் சுற்றி இரண்டு தடவை வந்தேன். வேறு ஒன்றும் அகப்படவில்லை.

மூன்று முப்பத்தைந்து. நான் மூன்றாவது தடவை சுற்றத் தொடங்கினேன். தராசு மட்டும் திரைகளின் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, வயரைப் பார்க்க வேண்டிய மனிதர் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூட்டத்தை முதலாளியம்மாவின் அறையில் வேண்டாம், இங்கேயே வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார். ஏன் என்று சொல்லாத முதலாளியிடம் வேலை பார்க்கிற உதவியாளருக்குத் தனியாக ஒரு படி தர வேண்டும்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வரவேற்பறைக்கு வந்தோம். பல் டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, கேள்வியைக் கண்ணாலேயே கேட்டார்.

"உங்க தங்கச்சியைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன்," என்றார் தராசு. "ஆனா ஒரு தட்டு மேல போனா இன்னொரு தட்டு கீழே இறங்கும். அது உங்க வீட்டுக்குள்ளயேதான் இறங்கும்."

அந்த அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கூலி கொடுத்துத் தன் வீட்டுக்கே கொள்ளி வைக்க ஆள் கூட்டி வந்திருக்கிறோம் என்று அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் பாவமாக இருந்தது.

"இப்பவே நிறுத்தச் சொன்னா நிறுத்திடறேன்," என்றார் தராசு. "நீங்கதான் என் கட்சிக்காரர். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

பல் டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

"நிறுத்த வேண்டாம். நானும் உள்ளே வரணும்."

சரியாக நான்கு. சோதனை அறையில் முதலாளியம்மா, புயல், யானைக்காரர், தங்கை, கதவோரம் பல் டாக்டர், நாங்கள். மேசைமேல் இரண்டு காகிதம், ஒரு பேனா. அக்காவைப் பார்த்ததும் தங்கை திடுக்கிட்டாள். யானைக்காரர் மனைவியைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், வரவில்லை.

தராசு நேரத்தை வீணாக்கவில்லை. திங்கட்கிழமை எப்படிச் செய்தீர்களோ அப்படியே வயரைச் சொருகிக் காட்டுங்கள், சீட்டும் எழுதுங்கள் என்று முதலாளியம்மாவைக் கேட்டார். சின்னப் பிள்ளை விளையாட்டா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் எழுந்தார். மேசையைச் சுற்றித் திரைகளின் பின்பக்கம் போனார். வயர் சொருகும் துளைகள் அங்கேதான் இருந்தன. சிவப்பு டேப் சுற்றியது குருவியின் வயர். அதை எடுத்துத் தன் இடதுகைப் பக்கம் இருந்த திரையில் சொருகினார். மற்றதை வலப்பக்கம் சொருகினார். நின்ற இடத்திலேயே காகிதத்தில் எழுதிக் காட்டினார். இடது, குருவி. வலது, யானை.

"அங்கேயே நில்லுங்க மேடம்," என்றார் தராசு. "புயல் சார், நீங்க உங்க நாற்காலில உக்காருங்க. குருவி உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

புயல் முன்பக்கம் வந்து உட்கார்ந்தார். திரைகளைப் பார்த்தார், எதிரே நின்ற முதலாளியம்மாவைப் பார்த்தார். மெல்ல வலதுகையைத் தூக்கினார். அந்தத் திரையின் கீழே 'வலது' என்ற ஸ்டிக்கர் நிதானமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்கிறவர் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். கூட ஒரு ஆள் முன்பக்கம் நின்றிருந்தால் அப்போதே சொல்லியிருப்பான். ஸ்டிக்கரை யாரும் மாற்றவில்லை, உறையை யாரும் தொடவில்லை, சதி என்று ஒன்று இல்லவே இல்லை. முதலாளியம்மா தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த நிமிர்ந்த முதுகு முதல் தடவையாகக் கொஞ்சம் வளைந்தது.

தராசு முப்பத்தேழு காசைப் பற்றிச் சொன்னார். அந்த விலை சந்தையில் கிடையாது, ஓடுகிற எண் ஒன்று பாதி வழியில் திக்கி நின்றபோது தெரிந்தது என்றார். சிக்கிய திரை யானையுடையது.

யானைக்காரர் எழுந்தார். குரல் இன்னும் நன்றாகவே இருந்தது.

"மேடம் இன்னிக்கு இப்படிச் சொருகினாங்க. அன்னிக்கும் இப்படித்தான்னு யார் சொல்றது? கணினி ரெண்டையும் துடைச்சாச்சு. என் திரைல எண்ணு ஓடாது, இவங்களே பார்த்தாங்க."

இது பெரிய ஓட்டை. முதலாளியம்மாவுக்கே இப்போது தன்மேல் நம்பிக்கை இல்லை, அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றேன் என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தராசைப் பார்த்தேன். அவரிடம் அதற்குமேல் படிக்கல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் தங்கை பேனாவை எடுத்தாள்.

"அந்த ஓட்டம் என்னுதுதான் மேடம். நான்தான் வெச்சேன். யாரையும் விசாரிக்க வேண்டாம்."

தலை குனிந்து ராஜினாமாவைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தை முதல் தடவை பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இது யார் திரை என்று. நான்கு நாளாகத் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். யானைக்காரர் அவளைப் பார்த்தார். தடுக்க வாய் திறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"ஞாயித்துக்கிழமை," என்றார் பல் டாக்டர்.

கதவோரம் இருந்து ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. கணவரை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க லேப்டாப்பை என் பக்கம் திருப்பினீங்க. எண்ணு எப்படி வழுக்கிட்டுப் போகுது பாரு, இனி திக்குறது வெளியே தெரியாதுன்னு சொன்னீங்க. நானும் ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னேன்."

யானைக்காரர் நின்றபடியே இருந்தார். கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ஆமா," என்றார் கடைசியில்.

அதற்கப்புறம் தானாகவே வந்தது. எண்ணூறு மாற்றம் ஒரேயடியாக வரும்போது யானை திணறியது, சரிசெய்ய இன்னும் இரண்டு வாரம் வேண்டும், நாள் இல்லை. எண்ணை ஓடவிட்டால் திணறல் கண்ணுக்குத் தெரியாது என்று ஓடவிட்டார். விலை சரிந்தபோது ஓட்டமே சிக்கிக்கொண்டது. உறையைப் பிரித்ததும் குருவி என்று வந்தபோது அவருக்கே அதிர்ச்சியாம்.

"யாரும் என்கிட்ட கேக்கலை. கேட்டா சொல்லிடுவேன்னு நாலு நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னிக்குக் கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

"யானை மேல தப்பில்லை சார்," என்றார் தராசு, குரலை உயர்த்தாமல். "ரெண்டு வாரம் குடுத்திருந்தா அதுவும் ஒழுங்கா நடந்திருக்கும். நொண்டுதுன்னு தெரிஞ்சும் போர்வை போத்திக் கூட்டிட்டு வந்ததுதான் தப்பு."

முதலாளியம்மா தங்கையின் கையில் இருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். ராஜினாமாவை நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டார். தீர்மானத்தையும் தள்ளி வைத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி பரீட்சை, அந்தச் சாம்பல் நிறம் இரண்டு திரைக்கும் கட்டாயம் என்றார். இந்தத் தடவை சீட்டை முன்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன் என்று அவர் சொன்னபோது யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை, எனக்குக்கூட. யானைக்காரரை நாளைக் காலை தன் அறைக்கு வரச் சொன்னார். அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

தங்கைக்கு வேலை பிழைத்தது. அவள் சந்தோஷப்படவில்லை. நேராக அக்காவிடம் போனாள், கண்ணெல்லாம் தண்ணீர், குரலில் கோபம்.

"ஏன் சொன்னே? நான் போயிருப்பேனே. எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கும். இனி வீட்டுல நீ எப்படி இருப்பே?"

"அவர் பொய் சொன்னப்பகூட நான் வாயை மூடிக்கிட்டுதான் நின்னேன்டி," என்றார் பல் டாக்டர். "நீயும் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டே. ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

தங்கை அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். யானைக்காரர் தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். மூன்று பேரும் காலையில் வீட்டிலிருந்து ஒரே காரில் கிளம்பியவர்கள்.

பல் டாக்டர் கைப்பையைத் திறந்து கார்ச் சாவியை எடுத்தார். கணவரிடம் நீட்டவில்லை. தங்கையின் கையில் வைத்தார்.

"நீ ஓட்டு. அவர் உன் பக்கத்துல முன்னாடி உக்காரட்டும். உன்கிட்ட பேச வேண்டியது அவருக்குத்தான் இருக்கு. நான் பின்னாடி இருந்துக்கறேன்."

மூன்று பேரும் நடைபாதையில் நடந்து போனார்கள். லிஃப்ட் வந்தது. உள்ளே நிறைய இடம் இருந்தது, நான் காலை எடுத்து வைக்கப் போனேன். தராசு என் கைப்பையைப் பிடித்து இழுத்து, அடுத்ததில் போகலாம் என்றார். கதவு மூடும்போது யானைக்காரர் மச்சினியைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார்.